சுடுகாட்டு மல்லியோடு தாராவிக்கு

தாதர் ஸ்டேஷனில் இறங்கியதுமே பம்பாய் என்னைச் சந்தேகப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி மாதத்து வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, தோளில் சாக்கு மூட்டையோடு ஒருவன் வந்தால் யாருக்குமே சந்தேகம் வரத்தான் செய்யும். வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை ஓரமாக நிறுத்தி, மூட்டையின் வாயை விரலால் நெம்பி, ஒரு காய்ந்த இலையை எடுத்து முகர்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

என்னை அழைத்துப் போக வந்திருந்த செல்லையா அண்ணன் அதற்குள் ஓடி வந்து, பம்பாய் இந்தியில் ஏதேதோ பேசி என்னை மீட்டார். அவர் என் பெரியப்பா மகன். தாராவியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். "போலீஸ்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தார். பிறகு சொன்னார்: "இலை கஞ்சா இல்லையாம். ஆளைப் பாத்தாதான் கஞ்சா விக்கிறவன் மாதிரி இருக்காம்." என் கோட்டு தூத்துக்குடியில் இந்தப் பயணத்துக்கென்றே தைத்தது. அதற்குப் பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. எனக்கு அப்படி ஒரு வீம்பு உண்டு.

இது சீனச் சண்டை முடிந்த மறுவருஷம். தூத்துக்குடியில் ஏற்றுமதி வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். பேதிக்குக் கொடுக்கும் நிலவாகை இலைதான் எங்கள் சரக்கு. சீமையில் இப்போது நித்தியகல்யாணி இலைக்கும் கிராக்கி வந்திருக்கிறது, அதிலிருந்து புற்றுநோய்க்கு ஊசிமருந்து எடுக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தகவல் எட்டியது. செம்பூரில் உள்ள ஒரு மருந்துக் கம்பெனி இலையைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. மூட்டையோடு என்னை அனுப்பினார். சரக்கு தேறினால் ஆபீஸில் எனக்குத் தனி மேஜை என்று பேச்சு. அந்த மேஜையில் மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது வரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

நித்தியகல்யாணி என்று சொன்னால் கேட்க லட்சணமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சுடுகாட்டு மல்லி. பிணம் எரிக்கிற இடத்தைச் சுற்றி வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. அந்தப் பூவை யாரும் தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்குச் சாத்த மாட்டார்கள், செடியின் ஒரு இணுக்கைக்கூட வாசல்படி தாண்டி உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைக்குச் சுடலை என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிற ஊர்தான். ஆனாலும் அந்தச் செடி என்றால் ஆகாது.

தாராவியில் அண்ணனுக்கு ஒரே ஓர் அறை. கோலி என்கிறார்கள். சமையல், படுக்கை, சாமி எல்லாம் அதற்குள்தான். சந்துக்குள் நுழையும்போது தோல் பதனிடும் இடத்திலிருந்து வந்த நாற்றத்துக்கு நான் கைக்குட்டையால் மூக்கை மூடினேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன், ஆனால் அவர் பார்த்தது பார்த்ததுதான்.

மைனி, அதாவது அண்ணனின் மனைவி பொன்னுத்தாய், வாசலிலேயே மூட்டையைப் பார்த்துவிட்டாள். "இது என்ன இலை தம்பி?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூட்டை வெளியே போகும், மூட்டைக்குக் காவலாக நானும் வெளியே படுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு கணத்தில் கணக்குப் போட்டேன். "மருந்து இலை மைனி. வின்கா ரோசியான்னு பேரு" என்றேன். முதலாளி படித்துக் காட்டிய பெயர் அது.

"இங்கிலீசு இலையா!" என்று மைனி மரியாதையோடு மூட்டையை வாங்கினாள். அந்த அறையில் ஈரமும் எலியும் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முருகன் படத்துக்குக் கீழே இருந்த மரப் பலகை. அதில் கொண்டுபோய் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டுக்குப் பொம்பில் மீன் குழம்பு. முள் இருப்பதே தெரியாமல் வாயில் கரைகிற மீன். எங்கள் கடற்கரையில் அதை மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சந்தே அண்ணன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அப்படித்தானாம். "மழை உண்டா?", "குளம் பெருகிச்சா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். மைனி என் ஓலைப்பெட்டியை நடுவில் வைத்துப் பிரித்தாள். அம்மா அண்ணனுக்கென்று கொடுத்துவிட்ட கருப்பட்டியை உடைத்து, வீட்டுக்கு ஒரு துண்டாக எல்லார் கையிலும் வைத்தாள். எனக்குத் திக்கென்றது. அண்ணன் சிரித்தார்: "இங்க அப்படித்தாம்ல. ஊர்லேருந்து எது வந்தாலும் சந்துக்கே பங்கு. போன தடவ வந்தவன் கொண்டாந்த முருங்கக்கீரைய ஆளுக்கு ரெண்டு இணுக்கு ஆஞ்சி குடுத்தா ஒங்க மைனி." அம்மா பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டி எனக்கு முன்னாலேயே காலியாயிற்று. கடைசியில் அண்ணன் வீட்டுக்கு மிஞ்சியது மற்ற வீடுகளுக்குப் போன அதே அளவுத் துண்டுதான்.

பிறகு என் மூட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் இண்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரி படித்தவன், அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. அத்தனை பேர் தரையில் உட்கார்ந்து வாயைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. இந்த இலையில் ஆல்கலாய்ட் என்று ஒரு சத்து இருக்கிறது, டாக்டர்கள் கைவிட்ட வியாதியெல்லாம் இதற்குக் கட்டுப்படுகிறது, சீமையில் இதைத் தங்கம் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள் என்று அளந்தேன். சைக்கிள் வாடகைக் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி, "சர்க்கரை வியாதிக்கு?" என்றார். "அதுக்கும் கேக்கும்னு சொல்லுதாவ" என்றேன்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒரு சின்ன வயதுப் பெண் மெதுவாகக் கேட்டாள். "கழுத்துக் கட்டிக்குக் கேக்குமா அண்ணாச்சி?"

"அதுக்குத்தானம்மா முக்கியமா!" என்று பெரிதாகச் சொன்னேன்.

அவள் போன பிறகுதான் மைனி சொன்னாள். அவள் பெயர் இசக்கி. அவள் புருஷன் சுடலைமுத்து, செல்லையா அண்ணனோடு அதே பட்டறையில் வேலை பார்த்தவன். கழுத்தில் கட்டி கட்டியாக வந்து, புற்று என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது எக்ஸ்ரே கதிர், வைக்கிறார்கள். கரண்டு வைத்தால் அமுங்குகிறது, பிறகு வேறு இடத்தில் கிளம்புகிறது. "ஒங்க வாயால நல்ல வாக்கு வந்துச்சு தம்பி" என்றாள் மைனி. நான் சொன்னது பொய் இல்லை. அந்த மருந்து அந்த மாதிரிக் கட்டிக்குத்தான். ஆனால் மருந்துக்கும் மூட்டைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

மறுநாள் காலை மாட்டுங்கா. செம்பூர்க் கம்பெனியில் கெமிஸ்டாக இருக்கும் சங்கரநாராயணன் அங்கேதான் குடியிருந்தார். பூர்வீகம் பாலக்காடு. முதலில் ஒரு பிடி இலை கொண்டு வந்தால் போதும், தேறினால் மூட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். மூட்டையைக் கயிற்றால் திரும்பக் கட்டிவிட்டு, ஒரு பொட்டலத்தோடு போனேன். தாராவியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நடைபாதையில் மல்லிகை, சந்தனம், வாழை இலை. கோயில் மணி. ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து இட்லியும் ரசவடையும் சாப்பிட்டோம். டபராவில் வந்த காபி தூத்துக்குடிக் காபியைத் தலைகுனிய வைத்தது.

"நீர் எங்கே எறங்கியிருக்கீர்?" என்று கேட்டார்.

"சயான் பக்கம்" என்றேன். தாராவி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பாட்டுக்கு இட்லியைச் சாப்பிட்டிருப்பார்.

அவருக்கு ஆல்கலாய்ட் என்றால் உயிர். "இதோ நீர் குடிக்கற காபியிலேயே ஒண்ணு இருக்கு ஓய். மலேரியாவுக்குக் குடுக்கற கொய்னா ஒண்ணு. அபினுக்குள்ளே ஒண்ணு. செடிக்கு ஓடத் தெரியாது கேட்டேளா, தன்னைத் தின்ன வர்ற புழுவைக் கொல்ல ஒரு கசப்பை வச்சிண்டிருக்கு. அந்தக் கசப்பை நாம திருடிண்டு வந்து மருந்துங்கறோம். அதாக்கும் விஷயம்."

செம்பூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் என் இலையை இடித்து, அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, கண்ணாடிக் குழாயில் ஒரு திரவத்தைச் சொட்டினார். தெளிவாக இருந்தது சட்டென்று ஆரஞ்சு நிறத்தில் கலங்கியது. "பேஷ், சரக்கு பேசறது" என்றார். என் மேஜை கண்முன் வந்து நின்றது. சந்தோஷத்தில், சும்மா ஒரு பேச்சுக்கு, "இலையைக் கஷாயம் வச்சுக் குடிச்சா வியாதிக்குக் கேக்குமா சார்?" என்று கேட்டேன்.

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டார். "அசட்டுத்தனம் பண்ணிடாதேயும். இதுக்குள்ளே ஏகப்பட்ட ஆல்கலாய்ட் இருக்கு. நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு, வின்பிளாஸ்டின் அதிலே ஒண்ணு. அந்த ரெண்டு ஒரு சிட்டிகை வேணும்னா வண்டி வண்டியா இலை வேணும். வேண்டாதது எல்லாம் ஒரு டம்ளர்லேயே வந்துடும். ரத்தத்திலே வெள்ளை அணுவைக் கொறைச்சுடும். ஏற்கெனவே ஆஸ்பத்திரியிலே கரண்டு வச்சிண்டிருக்கறவன் குடிச்சான்னா பிழைக்கறதே சந்தேகம்." மூட்டையை மறுநாள் பகலுக்கு மேல் கொண்டு வரச் சொன்னார்.

மூட்டை கட்டித்தானே கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. கூர்லாவில் வண்டி மாறி அடுத்த ஸ்டேஷனான சயானில் இறங்க வேண்டும் என்று அண்ணன் பாடம் நடத்தியிருந்தார். அவசரத்தில் முதலில் வந்த வண்டியில் ஏறினேன். சயான் வந்தது, போயே போய்விட்டது. நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க, ஒருவர் என் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தார். "இது ஃபாஸ்ட் வண்டி. குதித்தால் நேராக மேலே போய்விடுவாய்" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், மேலே கையைக் காட்டினார். வண்டியே சிரித்தது. தாதரில் பிதுங்கி வெளியே விழுந்து, எதிர்த் திசையில் இன்னொரு வண்டி பிடித்து, கோட்டில் இரண்டு பொத்தான் போய், சயானில் இறங்கியபோது பட்டறைகள் விடுகிற நேரம் ஆகிவிட்டது.

சந்துக்குள் நுழைந்ததும் பேச்சிமுத்து அண்ணாச்சி கடையிலிருந்தே கை தூக்கினார். "கசப்புன்னா கசப்பு அப்படியொரு கசப்பு தம்பி! நல்ல மருந்துதான்."

அறையில் மூட்டை பாதியாக இளைத்திருந்தது. மைனி முகமெல்லாம் சிரிப்பு. "எல்லா வீட்டுக்கும் பங்கு குடுத்தாச்சு தம்பி. நேத்து கருப்பட்டிதான் பத்தாம போச்சு. இது மூட்ட நெறய இருந்துச்சுல்லா, தாராளமா குடுத்தேன். இசக்கிக்கு மட்டும் ரெண்டு பிடி கூடுதலா."

அவளிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊரிலிருந்து வந்த மூட்டை, மருந்து என்று ஊர் கேட்கப் பேசியவன் நான். அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள்.

முதலில் பேச்சிமுத்து அண்ணாச்சியைப் பிடித்தேன். அரை டம்ளர் குடித்திருந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்து, கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம் உட்கார வைத்து வாந்தி எடுக்கவைத்தேன். அவர் வாடிக்கைக்காரர்கள் சைக்கிளைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். பாவம், எனக்குக் கட்டுப்பட்டு ஒவ்வொரு டம்ளராகக் குடித்தார்.

பிறகு வீடு வீடாகப் போனேன். "அந்த இலையத் திருப்பிக் குடுத்துருங்க. அது விஷம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் சொன்னாள்: "மருந்துன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்." இன்னொருத்தி கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே பேசியது என் காதில் விழுந்தது. "குடுத்த பங்கத் திருப்பிக் கேக்கான் பாரு. சீமையில தங்க விலைன்னு நேத்து அவன்தானே சொன்னான்." பங்கைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்தச் சந்தில் கிடையாது. செல்லையா அண்ணன் தெருக்கோடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னால் அவருக்கு வந்த பேர் அது.

வேறு வழியில்லை. சந்தின் நடுவில் நின்று சொன்னேன். "அது சுடுகாட்டு மல்லி."

அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொட்டலம் பொட்டலமாக வாசலுக்கு வந்து விழுந்தது. இலை கொதித்துக்கொண்டிருந்த சட்டியை ஒருத்தி சட்டியோடு கொண்டுபோய் வெளியே வைத்தாள். யாரோ மஞ்சள் கரைத்துத் தெளித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து ஒவ்வொரு வாசலாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது மைனி முருகன் படத்தை இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பலகையைக் கழுவி வெளியே சாய்த்து வைத்திருந்தாள். "முந்தியே சொல்லியிருந்தா வெளிய தார்ப்பாயி போட்டு மூடி வச்சிருப்பனே தம்பி" என்றாள். "ஒங்கள வெரட்டியா விட்டிருப்பேன்?"

அவள் மீண்டும் துடைக்க ஆரம்பித்தாள்.

ஒரு வீடு பாக்கி. இசக்கியின் வீடு சந்தின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். அங்கிருந்து பொட்டலம் எதுவும் வெளியே வரவில்லை. குடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சந்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சங்கரநாராயணன் சொன்னது முழுக்க மறுபடி காதில் கேட்டது.

இசக்கி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. இலை ஒரு பித்தளைத் தட்டில், தூசி தும்பு பொறுக்கிச் சுத்தமாக இருந்தது. சுடலைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைவிட இளையவன். கழுத்தில் கரண்டு வைக்கிற இடத்துக்கு அடையாளமாக ஊதா மையில் கட்டம் போட்டிருந்தார்கள்.

"குடுத்துட்டியாம்மா?" என்றேன்.

"இல்லண்ணாச்சி. எவ்ளோ குடுக்கணும்னு ஒங்ககிட்ட கேக்காம எப்படிக் குடுப்பேன்? நீங்க வரட்டும்னுதான் இருக்கேன்."

தேவையில்லாதவர்கள் எல்லாம் அவசரமாகக் குடிக்கப் பார்த்தார்கள். தேவைப்பட்டவள் ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது நிலைப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்தேன்.

இதைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஆபத்து என்று உட்கார்ந்து விளக்கினேன். அவள் குறுக்கே பேசவில்லை. "சுடுகாட்டு மல்லிங்கறதாலயா?" என்று கேட்டாள். "சொல்லிக்கிட்டுப் போனாவ, கேட்டேன். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணாச்சி. அங்க போயிருவாரோன்னு நெதம் பயந்துக்கிட்டு கெடக்கேன், அங்கருந்து வந்த எலைக்கா பயப்படப் போறேன்?"

"அதுக்கில்லம்மா. இந்த எலை மருந்து இல்ல. இதுலருந்து எடுக்குற ஊசிதான் மருந்து. அதுக்கு வண்டி வண்டியா எலை வேணும். அங்க சீமையில கம்பெனியில வடிச்சு எடுக்காவ."

"அப்ப இந்த எலை?"

"இது சீமைக்குப் போறதுக்கு."

இசக்கி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுடலைமுத்து முதல்முறையாகப் பேசினான். தொண்டை கட்டி, காற்றுதான் அதிகமாக வந்தது. "குடுத்துரு இசக்கி. அவ்வொ மொதலாளிக்குப் பதில் சொல்லணும்லா."

அவள் தட்டை என் பையில் கவிழ்த்தாள். தட்டில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்துப் போட்டாள். பிறகு தரையில் சிந்திய இரண்டு மூன்று இலைகளைத் தேடி எடுத்து அவற்றையும் போட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

வாசலைத் தாண்டியபோது பின்னாலேயே வந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம் அண்ணாச்சி. நீங்க வந்து அந்த ஊசிப் பேர டாக்டர்ட்ட இங்கிலீசுல சொல்லுவியளா? எனக்கு வாயில நுழையாது."

வருகிறேன் என்றேன். அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை மூவரும் பஸ்ஸில் போனோம். சுடலைமுத்துவுக்கு இடம் விட்டு ஒரு மராட்டியக் கிழவர் எழுந்து நின்றுகொண்டார். கோட்டை அன்று போட்டுக்கொள்ளத் தயங்கினேன். இசக்கிதான், "போட்டுக்கிடுங்கண்ணாச்சி, டாக்டர் மதிப்பாரு" என்றாள். பொத்தான் இல்லாத இடத்தை மைனி கொடுத்த ஊக்கால் குத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு தாழ்வாரம். பெஞ்சுகளில் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் மார்பிலும் அதே ஊதாக் கட்டங்கள். எங்களூர் ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிற சண்டையும் சத்தமும் இங்கே இல்லை. எல்லோரும் தங்கள் முறைக்கு அமைதியாகக் காத்திருந்தார்கள். ஒரு தாய் தன் மகளுக்கு ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இளவயதுக்காரர், தாழ்வாரத்திலேயே ஒரு மேஜை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்துவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், எதையோ எழுதினார். நான் முன்னால் வந்து, சங்கரநாராயணன் சொல்லிக்கொடுத்த பெயரை இங்கிலீஷில் சொன்னேன். வின்பிளாஸ்டின்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மருந்து தெரியும், இந்த நோயாளிக்கு அதைக் கொடுத்துப் பார்க்கத்தான் அவருக்கும் ஆசை என்றார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. அவர் நல்ல மனிதர். சலித்துக்கொள்ளாமல் சொன்னார். பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இசக்கி முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இந்தியில், தாழ்வாரமெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குக்கூடப் புரிந்தது. "அந்த மருந்து இவர் ஊரிலிருந்துதான் போகிறது. இவர்தான் அனுப்புகிறார்." அவள் குரலில் அவ்வளவு பெருமை.

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஊதாக் கட்டம் போட்ட கழுத்தைத் திருப்ப முடியாத ஒரு பெரியவர் உடம்போடு திரும்பினார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தாய், மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? அப்படியானால் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்றார். "எப்போது வரும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். இசக்கி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.